குப்பைமேட்டுக் குழவியும் ஒரு நெசவாளன் மனையும்

கி. பி. 49 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29 ஆம் நாள் எகிப்தின் ஒக்சிரிங்கஸ் நகரில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. விசாரித்தவர் அம்மாவட்டத்தின் அதிபதியாயிருந்த திபேரியுஸ் கிளோடியுஸ் பாசியோன் என்பார். வழக்காளி பெசூரிஸ் என்பவன்; எதிராளி சராயுஸ் என்னும் பெண், நெசவாளன் ஒருவனின் மனைவி. வழக்குக்குரிய பொருள் ஓர் ஆண் குழந்தை. குப்பைமேட்டிலிருந்து தான் எடுத்து, கூலிக்குப் பாலூட்டுமாறு இவளிடம் ஒப்படைத்த குழந்தை இதுவே என்றான் பெசூரிஸ். அந்தக் குழந்தை இறந்துவிட்டது, இது நான் பெற்ற பிள்ளை என்றாள் சராயுஸ்.

இவ்வழக்கின் பதிவு நமக்குக் கிடைத்தமை ஒரு தற்செயலே. கிரென்பெல், ஹண்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1896 - 1897 ஆம் ஆண்டுகளில் ஒக்சிரிங்கசின் குப்பைமேடுகளை அகழ்ந்து பல்லாயிரக்கணக்கான பப்பைரசு ஏடுகளை வெளிக்கொணர்ந்தனர். மழை அருகிய அந்நிலத்தின் மணல், நகரத்தார் கழித்துவிட்ட கடதாசிகளைக் கெடாது காத்து வைத்திருந்தது. அவற்றுள் சராயுசின் கணவனான திரிபோன் என்னும் நெசவாளனுக்கும் அவன் குடும்பத்தாருக்கும் உரிய ஏடுகள் நாற்பதளவில் உள்ளன. கடன் முறிகள், பற்றுச்சீட்டுகள், வரி விபரங்கள், முறைப்பாடுகள், ஒப்பந்தங்கள் ஆகியனவே இவை. காதற் கடிதம் ஒன்றேனும் இவற்றுள் இல்லை.

ஆயினும் இவ்வேடுகளை ஆண்டு வரிசையில் வைத்துப் படிப்பவர்க்கு, ஒருவரையொருவர் எளிதில் நம்பாத ஓர் ஆணும் பெண்ணும் எவ்வாறு ஒரு மனையில் நிலைத்தனர் என்னும் கதை மெல்ல மெல்லத் தெரிய வருகின்றது. அக்கதையின் நடுவில், பெற்றோர் கைவிட்ட ஒரு குழந்தை கிடக்கின்றது. மன்னரையும் போர்களையும் விட்டு இதனை ஆராய்வது வரலாற்று மாணவனுக்கு ஏற்ற தொழிலா என்று சிலர் கேட்கக்கூடும். உரோமப் பேரரசின் கீழ் எகிப்தில் வாழ்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் திரிபோனையும் சராயுசையும் போன்றவரேயன்றிச் சீசர்கள் அல்லர் என்பதே அதற்கு விடை.

குழந்தையைக் கைவிடும் வழக்கத்தை முதலிற் சிறிது நோக்குவோம். கிரேக்க, உரோம சமுதாயங்களிற் பிறந்த குழந்தையை வளர்ப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தந்தைக்கு இருந்தது. வறுமை, பெண்ணாய்ப் பிறந்தமை, பிறப்பைப் பற்றிய ஐயம், மணமின்றிப் பெற்றமை என்பன பொதுவான காரணங்கள். கைவிடுதல் கொலைக்கு ஒப்பானது எனப் பலர் எண்ணுவர். ஆனால் ஊரார் கண்ணிற் படக்கூடிய இடத்திற் குழந்தை வைக்கப்பட்டது, எவரேனும் எடுப்பர் என்ற எண்ணத்தினாலேயே எனக் கருத இடமுண்டு. எகிப்திய நகரங்களில் அவ்விடம் பெரும்பாலும் ஊர்ப்புறத்துக் குப்பைமேடாயிருந்தது. 'கொப்ரியா' என்னும் கிரேக்கச் சொல் அதனைக் குறிக்கும். அச்சொல்லின் அடியாகப் பிறந்த கொப்ரெயுஸ், கொப்ரியாஸ் போன்ற ஆட்பெயர்கள் ஏடுகளிற் பல இடங்களிற் காணப்படுகின்றன. குப்பையிற் கிடந்தவன் என்பதே ஒருவனுக்குப் பெயராகி நின்றது.

எகிப்தியர் தமக்குப் பிறந்த பிள்ளைகள் அனைவரையும் வளர்ப்பர் எனக் கிரேக்கப் புவியியலாளரான ஸ்திராபோ வியப்புடன் எழுதினார். கைவிடும் வழக்கம் நாட்டில் வந்து குடியேறிய கிரேக்கரிடையேதான் பெருகியிருந்தது போலும். எடுத்தவர் அக்குழந்தையை என்ன செய்வர்? மகனாகவும் வளர்க்கலாம், அடிமையாகவும் வளர்க்கலாம். ஆனால் உரோம நிர்வாகத்தின் விதிக்கோவை ஒன்றின்படி, குப்பைமேட்டுக் குழந்தையை எடுத்து மகவேற்பு செய்த எகிப்தியன் இறக்கும்போது அவனுடைய சொத்தில் நாலிலொரு பங்கு அரசுக்குச் சேரும். அடிமையாக வளர்த்தவனுக்கு அத்தகைய நட்டம் இல்லை. சட்டம் அன்புக்கு வரி விதித்தது என்று கூறுவது மிகையாகாது. கைவிடப்பட்ட குழந்தையின் நிலையைப் பின்வந்த பேரரசர்கள் பலவாறு மாற்றினர். எடுத்தவன் அதனை மகனாகவோ அடிமையாகவோ வைத்திருக்கலாம் என 331 இல் கொன்ஸ்தந்தீன் விதித்தான். அத்தகைய குழந்தைகள் யாவரும் சுதந்திரரே என 529 இல் யுஸ்தீனியன் விதித்தான். நம் கதையின் காலத்துக்கு இவை மிகவும் பிந்தியவை.

இதே ஊருக்கு வந்த வேறொரு கடிதத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கி. மு. 1 ஆம் ஆண்டில் ஹிலாரியோன் என்னும் தொழிலாளி அலெக்சாந்திரியாவிலிருந்து தன் மனைவி அலிசுக்கு அதனை எழுதினான். தான் ஊருக்குத் திரும்பத் தாமதமாவதையிட்டுக் கலங்க வேண்டாம் என்கிறான். கூலி கிடைத்ததும் அனுப்புவதாகச் சொல்கிறான். தன்னை மறந்துவிட வேண்டாம் என்று அவள் சொல்லி அனுப்பியதற்கு, உன்னை எவ்வாறு மறப்பேன் என்ற பொருள்பட விடையிறுக்கிறான். அதே கையால், பிறப்பது ஆணாயின் வைத்துக்கொள், பெண்ணாயின் விட்டுவிடு என்றும் எழுதுகிறான். மனைவியிடத்துக் கொண்ட கனிவும் பிறக்கப்போகும் மகளிடத்துக் கொண்ட கொடுமையும் அவன் உள்ளத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளவில்லை. அக்கால மாந்தரின் அன்பை நம் அளவுகோலால் மட்டும் அளப்பது பொருந்தாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

இனித் திரிபோனிடம் வருவோம். கி. பி. 8 ஆம் ஆண்டளவிற் பிறந்த அவன், நெசவுத் தொழிலிலேயே வளர்ந்தவன். அவனுடைய முதல் மனைவி தெமெத்திரூஸ். அவளுடன் வாழ்ந்த வாழ்வு முறைப்பாட்டில் முடிந்தது. மாவட்ட அதிபதிக்கு அவன் கொடுத்த மனுவில், தன் சக்திக்கு மேலாகவே அவளைப் பேணியதாகவும், அவளோ மனம் மாறி வீட்டைவிட்டுச் சென்றதுடன் தன் பொருள்களையும் எடுத்துச் சென்றுவிட்டதாகவும் கூறுகின்றான். இது ஒரு பக்கத்துக் கூற்று என்பதை நாம் மறத்தலாகாது. தெமெத்திரூசின் மனு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அவளுக்கும் சொல்ல இருந்திருக்கும். எனினும் பகை அத்தோடு தீரவில்லை. பின்னர், கர்ப்பவதியாயிருந்த சராயுசைத் தெமெத்திரூசும் அவளுடைய தாயும் தாக்கியதாக இன்னொரு முறைப்பாடும் அவனிடமிருந்து செல்கின்றது.

அப்பியோன் என்பவனின் மகளான சராயுஸ் இத்தகைய ஒருவன் மனைக்குத்தான் வந்தாள். 37 ஆம் ஆண்டு மே மாதம் எழுதப்பட்ட ஏடு ஒன்று அவர்களுடைய தொடக்கத்தைக் காட்டுகின்றது. அதனைத் திருமணப் பத்திரம் என்று கூறமுடியாது. அது ஒரு கடன் முறி. திருமண ஒப்பந்தம் எழுதாமலே இருவரும் சேர்ந்து வாழ்ந்தனர். அந்நாட்டில் அது இழிவாகக் கருதப்படாத ஒரு வழக்கமே. சராயுசிடமிருந்து 40 திராக்மா வெள்ளியும், 20 திராக்மா பெறுமதியான பொற்காதணிகளும், 12 திராக்மா பெறுமதியான பால்வெண்ணிற மேலாடையும், ஆக 72 திராக்மா பெற்றுக்கொண்டதாகத் திரிபோன் அதில் ஒப்புக்கொள்கின்றான். குறித்த தவணைக்குள் அதனைத் திருப்பிக் கொடுக்கத் தவறின் ஒன்றரை மடங்காகக் கொடுக்கவேண்டும்.

நம் ஊரிற் சீதனம் எழுதுவதைக் கண்டவர்க்கு இது புதுமையன்று. ஆனால் சீதனம் என்று பெயரிடாமற் கடன் என்று பெயரிட்டமை கவனத்துக்குரியது. கடனாயின் அதனை அறவிடுதல் எளிது. முதல் மனைவி ஓடிப்போன வீட்டுக்கு வருபவள் தன் காதணியை அளந்து, விலையிட்டு, எழுதி வாங்கிக்கொண்டே வந்தாள். அவனும், ஒருத்தி பொருளைக் கொண்டு சென்ற பின்னர், இன்னொருத்தியின் பொருளுக்குப் பொறுப்பேற்றுக் கையளித்தான். இதனைக் காதலின்மைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். என் கருத்து அதுவன்று. ஏமாற்றப்பட்டவனும் ஏமாற அஞ்சியவளும் ஒருவரோடொருவர் வாழத் துணிந்தபோது, அவர்கள் அறிந்த ஒரே மொழி முறியின் மொழியாயிருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 43 இல், அந்த முறி தீர்க்கப்பட்டது. அவர்களோ பிரியவில்லை.

இதன் பின்னரே குப்பைமேட்டுக் குழந்தை அவ்வீட்டுக்கு வருகின்றது. கிளோடியுஸ் பேரரசனின் ஏழாம் ஆட்சியாண்டில், அஃதாவது 46 - 47 இல், பெசூரிஸ் அதனைக் கண்டெடுத்தான். ஹெராக்ளாஸ் என்பது அதன் பெயர். தன் மகவுக்குப் பால் மறக்கச் செய்திருந்த சராயுஸ், கூலிக்கு அதனை ஏற்றாள்.

பாற்செவிலியரை அமர்த்தும் ஒப்பந்தங்கள் பல எகிப்தில் அகப்பட்டுள்ளன. அவற்றுட் கணிசமானவை அடிமையாக வளர்க்கப்படவேண்டிய குப்பைமேட்டுக் குழந்தைகளைப் பற்றியன. காலம் பெரும்பாலும் இரண்டாண்டளவு. அக்காலத்தில் அவள் வேறு குழந்தைக்குப் பாலூட்டலாகாது, கருவுறலாகாது, ஆடவனோடு கூடலாகாது. பணங்கொடுத்த எசமானன் கணவன் மனைவியரின் படுக்கை வரை தன் விதியைச் செலுத்தினான். இவற்றினும் விசித்திரமான ஒரு விதி அலெக்சாந்திரியாவின் ஒப்பந்தங்கள் சிலவற்றில் உண்டு. ஒப்படைத்த குழந்தை இறப்பின், செவிலி வேறொரு குழந்தையை எடுத்து அதற்குப் பதிலாக வளர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதே அது. அவ்வாறான ஒப்படைப்பை 'சாவற்றது' என்னும் பொருள்தரும் சொல்லாற் குறித்தனர். இறந்த குழந்தைக்கு ஈடாக இன்னொரு குழந்தை என்னும் கணக்கு வழங்கிய நாட்டில், பெசூரிஸ் சராயுசின் பிள்ளைமேற் கைவைத்தது நமக்குத் தோன்றுமளவு விபரீதமானதாக அன்று பலருக்குத் தோன்றியிராது.

விசாரணைக்கு மீள்வோம். பெசூரிசின் சட்டத்தரணி கூறியதாவது: சராயுஸ் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் கூலி பெற்றாள், அதற்குச் சான்றாகப் பத்திரங்கள் உள, குழந்தை பட்டினியால் வாடியதைக் கண்டு பெசூரிஸ் அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டான், அவளோ சமயம் பார்த்து அவன் வீட்டினுட் புகுந்து அதனைத் தூக்கிச் சென்றாள். சராயுசின் வாக்குமூலம் சுருக்கமானது. குழந்தையை ஏற்றதையும் மொத்தம் எட்டு ஸ்தாத்தர் பெற்றதையும் அவள் மறுக்கவில்லை. குழந்தை இறந்துவிட்டது, இப்போது என் சொந்தப் பிள்ளையைப் பறிக்கப் பார்க்கின்றனர் என்றாள்.

பாசியோன் ஒரு பத்திரத்தையும் பொருட்படுத்தாது குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அதன் சாயல் சராயுசின் சாயலாகத் தோன்றுவதால், ஒப்படைக்கப்பட்ட குழந்தை இறந்ததென்று அவளும் அவள் கணவனும் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுப்பார்களாயின், பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையை அவள் வைத்திருக்கலாம் எனத் தீர்த்தார். தேசாதிபதியின் தீர்ப்பு ஒன்றைத் தாம் பின்பற்றுவதாகவும் கூறினார்.

இத்தீர்ப்பை நினைத்து மகிழ்வதா ஐயுறுவதா என்பது எளிதிற் சொல்லக்கூடியதன்று. தன் பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்த பின்னரே மற்றதை ஏற்றாள் எனின், இரு குழந்தைகளுக்கும் ஓராண்டேனும் வயது வேற்றுமை இருந்திருக்கவேண்டும். எஞ்சியுள்ள பதிவில் வயதைப் பற்றி எவரும் பேசவில்லை. முகச்சாயல் என்பதோ பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. எடுத்து வளர்த்த குழந்தைமேற் பற்றுக்கொண்டு, அது அடிமையாகப் போவதைப் பொறாமல், தன் பிள்ளையென்று சாதித்தாளோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வாறாயின் நம் கதை மிக அழகியதாகும். ஆனால் அழகு கருதி வரலாற்றை வளைத்தல் தகாது. அவள் சொன்னதே உண்மையெனக் கொள்ளின், ஹெராக்ளாஸ் என்னும் குழந்தை இரு முறை கைவிடப்பட்டது: முதலிற் பெற்றோரால், பின்னர், பட்டினி என்னும் குற்றச்சாட்டிற் சிறிதேனும் உண்மையிருப்பின், கூலிப்பாலுக்கும் சொந்தப் பாலுக்கும் இடையிலிருந்த வேற்றுமையால். அவனுடைய சாவு இவ்வேடுகளில் ஒரு கணக்கு முடிப்பாகவே வருகின்றது. எட்டு ஸ்தாத்தர் 32 திராக்மாவுக்குச் சமம். 54 ஆம் ஆண்டில் திரிபோன் ஒரு தறியை வாங்கியபோது கொடுத்த விலை 20 திராக்மா.

இக்கதையைப் படிப்பவர்க்கு மெனாந்தரின் நினைவு வராமற் போகாது. கி. மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்சில் எழுதிய அவருடைய நாடகங்களை ஒக்சிரிங்கஸ் மக்களும் வாசித்தனர் என்பதற்கு அந்நகரின் குப்பைமேடுகளே சான்று. அவருடைய 'மத்தியத்தர்' என்னும் நாடகத்தில், தான் இல்லாதபோது மனைவி பெற்றுக் கைவிட்ட குழந்தையைப் பற்றி அறிந்து கணவன் அவளை விட்டு விலகி வாழ்கின்றான். காட்டிற் கிடந்த அக்குழந்தையோடு வைக்கப்பட்ட ஒரு மோதிரம், திருமணத்துக்கு முன் இருளில் அவளைக் கெடுத்தவன் அக்கணவனே எனக் காட்டிக்கொடுக்க, பிரிந்தவர் கூடுகின்றனர். கர்ணனின் கவசகுண்டலத்தை அறிந்த நமக்கு இத்தகைய அடையாளப் பொருள்களின் பயன் விளங்கும். அந்நாடகத்திற் குழந்தையின் உரிமைக்காக உருக்கமாக வாதாடுபவன் கரி சுடும் அடிமையொருவன். தன் மனைவி பெற்ற குழந்தை இறந்துபோனமையால் இதனை வளர்க்க விரும்பியவன். அவன் பெயர் சூரோஸ். ஒக்சிரிங்கசிற் பெசூரிஸ் என்பவனுக்கும் ஏடுகளிற் சூரோஸ் என்பதே கிரேக்கப் பெயர். நாடகத்துச் சூரோஸ் குழந்தையின் அணிகலன் குழந்தைக்கே உரியது என்றான். நகரத்துச் சூரோஸ் குழந்தையே தனக்கு உரியது என்றான். குப்பைமேட்டுக் குழந்தையுடன் மோதிரம் எதுவும் இருக்கவில்லை.

தீர்ப்பின் பின்னும் சூரோஸ் அடங்கவில்லை. இம்முறை மனுச் செய்தவன் திரிபோன். அவன் மாவட்டத்தைக் கடந்து, எகிப்தின் தேசாதிபதியான க்னேயுஸ் வெர்ஜீலியுஸ் கப்பித்தோவுக்கே எழுதுவித்தான். அதிபதியின் தீர்ப்புக்குச் சூரோஸ் இணங்க மறுப்பதாகவும், தன் சிறு மகன் அப்பியோனை அடிமையாக்க முயல்வதாகவும், கைத்தொழிலாளனாகிய தன்னை வேலை செய்யவிடாது தடுப்பதாகவும் முறையிடுகின்றான்.

இம்மனுவில் இரு செய்திகள் என் கவனத்தை ஈர்த்தன. முதலாவது, விசாரணையிற் பேசியவள் சராயுஸ். மனுவில் 'என் மகன்' என்று எழுதுவிப்பவன் திரிபோன். மனைவி கூலிக்கு ஏற்ற குழந்தையால் விளைந்த தொல்லை என்று அவன் ஒதுங்கி நின்றிருக்கலாம். தெமெத்திரூசின் காலத்தில் மனைவிக்கு எதிராக அதிபதியின் வாயிலுக்குச் சென்றவன், இப்போது மனைவியின் சொல்லைத் தன் சத்தியத்தால் தாங்கிக்கொண்டு தேசாதிபதியின் வாயில் வரை செல்கின்றான். தறியில் இருந்தாலன்றி அன்றைய உணவுக்கு வழியில்லாத ஒருவன் இவ்வாறு அலைவது சிறு செயலன்று. இரண்டாவது, பிள்ளையின் பெயர். கிரேக்க வழக்கில் மகனுக்குப் பெரும்பாலும் தந்தைவழிப் பாட்டன் பெயரே வைக்கப்படும். திரிபோனின் பாட்டன் பெயரும் திரிபோனே. அப்பியோன் என்பதோ சராயுசின் தந்தை பெயர். முறி எழுதி வாங்கிக்கொண்டு வந்தவளின் தந்தை பெயரைத் தன் மகனுக்கு அவன் இட்டிருக்கின்றான். இதனைக் காதல் என்று சொல்லத் தயங்குவோர் வேறு பெயர் இடலாம்.

எஞ்சிய ஏடுகள் அமைதியானவை. 52 இல், கண்புரையால் பார்வை குன்றியமை அலெக்சாந்திரியாவிற் பரிசோதிக்கப்பட்டு, திரிபோன் கட்டாயச் சேவையிலிருந்து விடுவிக்கப்படுகின்றான். நெசவாளனுக்குக் கண் போவது என்ன என்பதை நெசவூர்களில் வாழ்ந்தவர் அறிவர். ஆயினும் ஈராண்டின் பின் அவன் புதுத் தறி வாங்குகின்றான். அதற்கடுத்த ஆண்டில் தாய்வழி உறவினரிடமிருந்து ஒரு வீட்டின் அரைப்பங்கையும் வாங்குகின்றான். 66 இல், தோவோனிஸ் என்னும் மகனை ஓராண்டு நெசவு பழகுவதற்காகப் பிதலமேயுஸ் என்னும் நெசவாளனிடம் ஒப்படைக்கின்றான். பிள்ளையின் தாயின் பெயர் அப்பியோன் மகள் சராயுஸ் என்று அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளது. காதணிக்கும் மேலாடைக்கும் முறி எழுதி இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

திரிபோனோ எழுத்தறியாதவன். முதல் மனைவிமேற் கொடுத்த முறைப்பாடு, இரண்டாம் மனைவிக்கு எழுதிய முறி, குப்பைமேட்டுக் குழந்தை வழக்கின் பிரதி, தேசாதிபதிக்குச் செய்த மனு ஆகிய யாவற்றையும் தானே வாசிக்க முடியாத அந்த நெசவாளன் வீட்டிற் கட்டிப் பேணி வைத்திருந்தான்.